நாய்க் கணக்கில் சேராத ஸ்லூகி

போன சனிக்கிழமை ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் என் இளைய மகனைக் கொஞ்ச நேரம் காணவில்லை. கிடைத்துவிட்டான், பழக்கடை வாசலில் றம்புட்டான் உரித்துத் தின்றுகொண்டு நின்றான். எனக்குத்தான் இன்னும் நித்திரை சரியாக இல்லை. அன்றிலிருந்து ஒரு நாயை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நாங்கள் சிட்னியில், பென்டில் ஹில்லில் இருந்தோம். பக்கத்து வீட்டு மொரோக்கோக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தன் ஸ்லூகி இன வேட்டைநாயை எங்களிடம் விட்டுப்போனார். மணல் நிறம், ஒட்டிய வயிறு, மையிட்டது போன்ற கண்கள். அதன் முன்னோர் பாலைவனத்தில் முயலும் மானும் துரத்தியவை. எத்தனை தலைமுறையாக என்று அங்கே யாருக்கும் தெரியாதாம்.

சாமிப்படம் இருக்கும் வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். தங்கள் ஊரிலும் அதே சட்டம்தான், ஆனால் ஸ்லூகி நாய்க் கணக்கில் சேராது, அது கூடாரத்துக்குள் பிள்ளைகளோடு படுக்கும் என்று மொரோக்கோக்காரர் விளக்கினார். அப்பா அதைத் தமிழில் சொன்னார்.

"நாலு கால், வால். பிறகென்ன, மாடோ?" என்றார் அம்மா.

ஆக, அது பின்வளவில் கிடந்தது. மீன்குழம்புச் சோற்றை மோந்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. யார் கூப்பிட்டாலும் அசையாது. என்னை மட்டும் பொறுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டுக்காரர் தந்த அகலமான கழுத்துப்பட்டி பாரமாக இருக்கிறதென்று அப்பா மெல்லியதொன்று வாங்கிப் போட்டார். ஸ்லூகியின் தலை ஒடுக்கம் என்பதை அவர் யோசிக்கவில்லை. நானும் அப்பாவும் அதை நடத்திக்கொண்டு போன ஓடைக்கரையில் ஒரு முயல் பாய்ந்ததும் என் கையில் பட்டி மிஞ்சியது, நாய் இல்லை. அப்பா யாரோ தெரிந்தவரோடு கதைத்துக்கொண்டு நின்றார். நான் நாயின் பின்னால் ஓடினேன். ஓடி முடித்தபோது நாயும் இல்லை, முயலும் இல்லை, அப்பாவும் இல்லை. உட்கார்ந்து அழுதேன். புல் என்னை மூடிவிட்டது.

முயலைத் தவறவிட்ட ஸ்லூகி தானாகவே திரும்பி வந்தது. குரைக்கவில்லை, நக்கவில்லை; என்னருகில் சும்மா நின்றது. அப்பா வீட்டுக்கு ஓடி அம்மாவைக் கூட்டிவந்திருந்தார். புல்லுக்கு மேலே தெரிந்த நாயின் தலையைக் கண்டுதான் அம்மா வந்து சேர்ந்தார். வந்ததும் என் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு, அதுவரை தொடாத நாயின் தலையைத் தடவினார்.

பின்னேரம் குசினிக்குள் தன் சேலையொன்றை மடித்து விரித்து அதைப் படுக்க வைத்தார்.

"அந்த மனிசன் சொன்னவர்தானே, இது நாயில்லை எண்டு," என்றார், யாரும் கேட்காமலே.

சேலையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று அழத் தொடங்கினார். அடி வாங்கியவள் நான், அழுவது அவர். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமாக்கும் என்று நினைத்து, பெரிய மனுஷி போல் அவர் தோளைத் தடவினேன்.

"அழாதேங்கோ அம்மா. நாய்தான் கிடைச்சிட்டுதே."