எனக்கும் ஒரு துண்டு மீன்

மலாக்காவில், காஜா பேராங்கில் என் பக்கத்து வீட்டு அம்மாள் நெற்றி நிறையத் திருநீறு பூசுவாள். பிள்ளையார் கோயிலுக்குத் தவறாமல் போவாள். ஆனால் தமிழ் வராது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னே வந்து குடியேறிய மலாக்காச் செட்டி வம்சம். மலாய்க்காரிகள் போலக் கெபாயாச் சட்டை உடுத்தி மலாயில்தான் பேசுவாள். அவள் வீட்டில் ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைச் சன்னல் வழியாகப் பார்த்து, இதென்ன கூத்து என்று நினைத்தவள்தான் நான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் எனக்குத் தலைச்சன் பிள்ளை வயிற்றில். நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. அந்த அம்மாள்தான் என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். அங்கே நர்ஸாக இருந்த சீன மிஸ்ஸி என் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே போனால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து என்றாள். வெறும் சோறு போதாது. மீன், முட்டை, ஈரல், கீரை, பருப்பு எல்லாம் சேர வேண்டுமாம். தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். என் அரைகுறை மலாயில், “ஈக்கான் அடா, சாயோர் அடா” என்றேன். மீன் உண்டு, கீரை உண்டு. பொய்யில்லை. சமைத்ததைத்தான் சொன்னேன்!

“குவா சாஜா, மிஸ்ஸி!” என்று குறுக்கே பாய்ந்தாள் பக்கத்து வீட்டு அம்மாள். வெறும் குழம்புதான் என்கிறாள். வீட்டுக்காரரும் இரண்டு கொழுந்தன்மாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு நான் சட்டியை வழித்துச் சோற்றில் ஊற்றிக்கொள்வதை அவளும் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். இதைப் படிக்கும் அக்கா தங்கைகளே, உங்களைத்தான் கேட்கிறேன்: என்ன சாப்பிட்டாய் என்றால், என்ன ஆக்கினேன் என்றுதானே நாமெல்லாம் சொல்கிறோம்? எனக்கு வெட்கமாக இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது கோபமாகிவிட்டது.

அன்று கெம்போங் மீன் குழம்பும் கீரையும். முதல் தட்டு எனக்குப் போட்டு, நல்ல துண்டாகப் பார்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கை கழுவிக்கொண்டு வந்து அப்படியே நின்றார்.

“என்ன புள்ள, இதுதான் நம்ம ஊர்ப் பழக்கமா?”

“எங்கண்ணி பிரசவத்துல செத்தாளே, அவளும் ஊர்ப் பழக்கத்துலதான் செத்தா. நான் சாக மாட்டேன். உட்காருங்க, உங்களுக்கும் இருக்கு.”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். கொழுந்தன்மாரும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து மீனை ஆளுக்கு ஒன்றாக வெட்டினேன். மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி ஊருக்குப் போனபோது, ஆண்கள் பந்தியில் நானும் இலை போட்டு உட்கார்ந்தேன். மலாயாக்காரி என்று சிரித்தார்கள். மலாக்காவில் என்னை இன்னும் ஊர்க்காரி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்! அம்மா என் இலையில் பெரிய துண்டாக வைத்தாள். நான் பக்கத்தில் இன்னொரு இலை போட்டு, “நீயும் வாம்மா” என்றேன். அடுப்படி வாசலை விட்டு அவள் நகரவில்லை. மீன் ஆறிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.