வெளிச்சத்தோடு சேர்ந்து வந்த சத்தம்

எங்கள் மலையூரில் போனுக்கு டவர் சரியாகக் கிடைப்பது போளூர் சாலையோரத்து டீக்கடை வாசலில்தான். என் தங்கச்சி புருஷன் வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அங்கே சண்டை தொடங்கியதும் அவருக்குப் போன் போகவில்லை. தங்கச்சி தினமும் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாள். துணைக்கு நானும் போவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்பேன்.

ஒரு நாள் கடைக்காரர் தன் போனை நீட்டினார்.

"இன்னாம்மா, இது உன் வூட்டுக்காரர் வேல செய்ற எடந்தானே? சண்ட தொடங்குன அன்னிக்கே குண்டு போட்டாங்களாம்."

வீடியோவில் கடலுக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், கிரேன்கள் எறும்பு மாதிரி தெரிந்தன. பளிச்சென்று வெளிச்சம், கூடவே காதைக் கிழிக்கும் சத்தம். தங்கச்சி வெளுத்துப்போனாள். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை.

"இன்னொரு தபா போடுங்க மாமா."

திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"அவ்ளோ தூரத்துல வெடிச்சா சத்தம் எப்டி கூடவே வரும்? பள்ளத்துக்கு அந்தாண்ட விறகு பொளக்கறவன் கோடாலிய மறுபடி தூக்கறப்பதான நமக்கு அடி கேக்குது?"

"அப்போ பொய் வீடியோன்றியா?"

"சத்தம் பொய் மாமா. யாரோ ஒட்ட வச்சிருக்காங்க. படம் எப்டின்னு எனக்குத் தெரியல."

எல்லாமே பொய் என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. தனக்குத் தெரிந்தது எதுவோ அதோடு அவள் நின்றுகொண்டாள்.

மறுநாள் மச்சானை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் ஒரு வீடியோ அனுப்பினார். நம் ஆட்கள் எல்லோரும் பத்திரம் என்று எழுதியிருந்தது. பத்துப் பதினைந்து பேர் சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள். கடைக்காரர் குஷியாகி எல்லோருக்கும் இலவசமாக டீ போட ஆரம்பித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"அவரு இதுல இல்லியேண்ணா" என்றாள் தங்கச்சி. "அதுவும் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்காங்க. வெயில் தாங்காம ஈரத்துண்ட போத்திக்கினு படுக்கிறேன்னு போன வாரம்தான் சொன்னாரு. இது குளிர்காலத்துல எடுத்தது."

கடைக்காரருக்குக் கோபம். "நல்ல சேதி வந்தாலும் நம்ப மாட்டியா? நீயெல்லாம் போலீசுக்குப் போயிருக்கணும்!"

"நல்லதுன்னா மட்டும் கேள்வி கேக்காம உட்டுடணுமா மாமா?"

டீயை அவள் தொடவில்லை. அந்த வீடியோவை நம்ப அவளைவிட ஆசைப்பட்டவர்கள் அங்கே யாரும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவளைப் பற்றிச் சொல்லப் பெரிய வார்த்தை தெரியாது. அப்படியொரு மன உறுதியை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் மதியம் புது நம்பரிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் மச்சான் குரல்தான். அவள் கேட்ட முதல் கேள்வி: "வெடிச்சப்போ சத்தம் எப்ப வந்துச்சு?"

"உயிரோட கீறியான்னு கேக்காம இன்னா கேக்குறா பாரு!" என்று அந்தப் பக்கம் சிரிப்பு. "நாங்க இந்தக் கரையில ரூம்ல இருந்தோம். மொதல்ல வெளிச்சம். எல்லாரும் தரையில படுத்துட்டோம். அப்புறந்தான் சத்தம் வந்துச்சு. கரண்டும் போச்சு, டவரும் போச்சு."

போனை என் கையில் திணித்துவிட்டு, அத்தனை நாளும் அழாதவள் ஓவென்று அழுதாள். மச்சான், "ஹலோ, ஹலோ" என்றார். போனை அவள் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.