போகாத கட்டிக்கு ஸ்தோத்திரம்

என் முதுகில், வலது தோளுக்குக் கீழே, ஒரு கட்டி வந்தது. போன வருஷம் ஈஸ்டர் முடிந்த சமயம். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். கண்ணாடியில் எப்படித் திரும்பினாலும் என் கண்ணில் படாத இடம். ஊரெல்லாம் பார்த்தது, நான் மட்டும் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

பெரிய மார்க்கெட்டில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் விற்கிறவள் நான். குனிந்து எடை போட்டால் பின்னால் நிற்கிறவர்கள் கண்ணில் அதுதான் முதலில் படும். "என்னா மேரி, முதுகுல கட்டி? எங்க சித்திக்கும் இப்படித்தான் வந்துச்சு. கொஞ்ச நாள்தான்..." என்று இழுப்பார்கள். மீதியைச் சொல்லாமல் வெங்காயத்துக்குப் பேரம் பேசுவார்கள். எனக்குச் சோறு இறங்காது. கட்டி என்றாலே கேன்சர் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

என் கணவர் சகாயம் முதலியார்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறார். "வா மேரி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று தினமும் கூப்பிட்டார். நான் அசையவில்லை. கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று மார்க்கெட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். டாக்டர் வேண்டாம், ஜெபம் போதும் என்று முடிவு செய்தேன்.

உப்பளத்தில் எஸ்தர் அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடக்கும். அக்காதான் நடத்துவார். என் முதுகில் எண்ணெய் பூசி, கட்டியைக் கட்டை விரலால் அழுத்தி ஜெபித்தார். அடுத்த வாரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "போன வாரம் எலுமிச்சம்பழம், இப்ப நெல்லிக்கா! ஸ்தோத்திரம் சொல்லுங்க!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் அழுதேவிட்டேன். வீட்டுக்கு வந்து சகாயத்திடம் முதுகைக் காட்டினேன்.

"குறைஞ்சிருக்கா?"

"அப்படியேதான் இருக்குது. எண்ணெதான் பளபளன்னு இருக்குது."

அதற்கடுத்த வாரம் அக்கா கணக்கில் அது சுண்டைக்காய் ஆனது. என் முதுகிலோ வாடகை தராத குடித்தனக்காரனைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், "அக்கா, குறையலக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"உனக்கு விசுவாசம் பத்தல மேரி. கர்த்தர் செஞ்சிட்டாரு. நீதான் வாங்கிக்கல."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டியும் என்னுடையது, பழியும் என்னுடையது. இனி ஆஸ்பத்திரிக்கும் எப்படிப் போவது? இத்தனை பேர் ஸ்தோத்திரம் சொன்ன பிறகு போனால், அத்தனை பேரையும் பொய்யர் என்று சொன்னது போல ஆகாதா?

அன்று வீட்டில் நான் செய்தது ஜெபம் இல்லை, சண்டை. "ஆண்டவரே, யார் யாரோ கேட்டதையெல்லாம் கொடுக்கிறீர். ஒரே ஒரு கட்டி, அதை எடுக்க உமக்கு என்ன கஷ்டம்? நான் என்ன குறை வைத்தேன்?" என்று கத்தினேன். பதில் வரவில்லை. காலையிலும் கட்டி அங்கேயேதான் இருந்தது. அந்தக் கோபத்தில்தான் ஆட்டோவில் ஏறினேன். விசுவாசத்தில் ஏறினேன் என்று எழுத ஆசைதான். அது உண்மையில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கட்டியை விரலால் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். "மெத்துன்னு இருக்கு, நல்லா நகருது. கொழுப்புக் கட்டி மாதிரிதான் தெரியுது. ஸ்கேன்ல உறுதி பண்ணிக்கலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

"இருங்கம்மா. வேற எங்கயாவது கட்டி இருக்கா?"

"இடது மார்ல ஒண்ணு பட்டாணி அளவு இருக்குதும்மா. அது ஒண்ணும் பண்ணல, வலியே இல்ல. புள்ளைக்குப் பால் குடுத்தப்ப கட்டிக்கிட்டது போலன்னு விட்டுட்டேன்."

டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. பட்டாணி கல்லாக இருந்தது, நகரவில்லை. மார்புக்கு எக்ஸ்ரே, ஸ்கேன், பிறகு ஊசி போட்டுச் சதை எடுக்கும் பயாப்சி என்று எழுதினார். "ஊசி குத்தினா பரவிடாதாம்மா?" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னான்னு பார்க்காம விட்டாத்தாம்மா பரவும். அந்தப் பயத்துல வராம இருந்துடாதீங்க" என்றார்.

முடிவு வருவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. இத்தனை பேர் எண்ணெய் பூசி அழுத பெரிய கட்டி சாதுவான கொழுப்பு. யாரும் கண்டுகொள்ளாத பட்டாணிதான் கேன்சர்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சாதாரணக் கட்டி எவ்வளவு வளர்ந்தாலும் தன் எல்லைக்குள்ளேயே இருக்கும். பக்கத்தில் இருப்பதை அழுத்தலாம், ஆனால் வேறு இடத்துக்குப் போகாது. கேன்சர் கட்டி பக்கத்துச் சதைக்குள் புகுந்துவிடும். ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறி அக்குள், எலும்பு, நுரையீரல் என்று போய் முளைக்கும். அருகம்புல் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். வலியை வைத்தோ பெரிசு சிறிசு பார்த்தோ இன்னது என்று சொல்ல முடியாதாம். உயிரணுக்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதற்குக் கிரேடு. கட்டியின் அளவு என்ன, அக்குளுக்குப் போயிருக்கிறதா, அதைத் தாண்டிவிட்டதா என்பதற்கு ஸ்டேஜ். என்னுடையது முதல் ஸ்டேஜ், அக்குளைத் தொடவில்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார்.

நல்ல நேரத்தில் வந்தேனா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டபடி முதுகுக் கட்டி கரைந்திருந்தால் ஆஸ்பத்திரிப் படியே மிதித்திருக்க மாட்டேன். பட்டாணி உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். என் ஜெபத்தைக் கேட்காததுதான் ஆண்டவர் எனக்குத் தந்த பதில். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்க சகாயத்தின் தோளில் சாய்ந்து அழுதேன்.

ஆபரேஷன் முடிந்தது, கதிர் சிகிச்சையும் முடிந்தது. மாத்திரை ஓடுகிறது. மறுபடி மார்க்கெட்டில் எடை போடுகிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உடம்பு தேறிய பிறகு வெள்ளிக்கிழமை ஜெபத்தில் எழுந்து நின்று இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் போன பின் எஸ்தர் அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார். என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தார். அங்கேயும் ஒன்று இருந்தது.

"ரொம்ப வருஷமா இருக்குது மேரி. யார்கிட்டயும் சொல்லல. உன் முதுகுல அழுத்தி அழுத்தி ஜெபம் பண்ணேன் பாரு, அது உனக்காக மட்டுமில்ல. உன்னுது கரைஞ்சா என்னுதும் கரைஞ்சிடும்னு..."

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மறுநாளே சகாயத்தின் ஆட்டோவில் கூட்டிப் போனேன். அக்காவுக்கு இருந்தது வெறும் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. இத்தனை வருஷம் வீணாகப் பயந்திருக்கிறார்.

இதைப் படிக்கிற சகோதரிகளே, ஜெபியுங்கள், சண்டை போட்டாவது ஜெபியுங்கள். ஆனால் வலிக்கவில்லையே என்று விட்டுவைத்திருப்பதை நாளைக்கே போய்க் காட்டுங்கள். அந்த வழியிலும் கர்த்தர்தான் கூட வருகிறார்.

முதுகுக் கட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. தொந்தரவு இல்லையென்றால் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வெள்ளிக்கிழமை பழக்க தோஷத்தில் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு என் பின்னால் வந்து நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது இருக்கட்டும்க்கா. அது போகாததாலதான் நான் இருக்கேன்."