கூடத்தில் விழாத வெயில்

"தாடைய லேசா எறக்குங்க. ம்... மூச்ச விடுங்க. இப்ப உங்க வீட்டு நாய நெனச்சுக்குங்க" என்பார் போட்டோக்காரர். எதிரில் இருப்பவர் 'நம்ம வீட்டுல நாயே இல்லையே' என்று யோசிக்கத் தொடங்கும் நேரத்தில் படம் எடுத்து முடித்திருப்பார். பாஸ்போர்ட் படத்துக்கென்று வந்து விறைத்துக்கொண்டு உட்காரும் ஜனங்களை இளக்க அவர் கண்டுபிடித்த வித்தை இது. முப்பது வருடமாகச் செல்லுபடியாகிறது.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஸ்டூல், ஒரு நீலத் திரை, தலைவாரிக்கொள்ள ஒரு கண்ணாடி, நூலில் கட்டித் தொங்கும் ஒரு சீப்பு. நாலு சீப்பு காணாமல் போன பிறகு கட்டிய நூல் அது. முகத்தில் பரு இருந்தால் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுவார். தழும்பை எடுக்கச் சொன்னால் மாட்டார். "பரு அடுத்த வாரம் தானா போயிடும். தானா போறத மட்டுந்தான் நான் எடுப்பேன்" என்பார். இதற்காகவே கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஒரு போட்டோவைப் பார்த்து மயங்கி வீடு வாங்கினார்.

விளம்பரத்தில் கூடத்தின் படம். ஜன்னல் வழியாக வந்த வெயில், கம்பி நிழலோடு தரை முழுக்க விழுந்திருந்தது. 'நாள் முழுதும் இயற்கை வெளிச்சம்' என்று கீழே போட்டிருந்தார்கள். அவர் மனைவி கணக்கு டீச்சர். பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. பல்பு வெளிச்சத்தில் மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிகின்றன. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால் இன்னும் சில வருடம் விடைத்தாள் திருத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எவ்ளோ அருமையா எடுத்திருக்கான் பாரு!" என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார் போட்டோக்காரர். வீட்டை நேரில் பார்க்கப் போன நாள் மழை. கூடம் இருண்டு கிடந்தது. "மழை நாளாச்சே சார்" என்றார் தரகர். மங்கல் கண்ணாடி ஜன்னலைத் திறக்கப் போனபோது, "சாரல் அடிக்கும் சார்" என்று தடுத்தார். படம்தான் கண்ணுக்குள் இருக்கிறதே, இவரும் தலையாட்டிவிட்டார்.

குடிவந்த மறுநாள் தெருவெல்லாம் வெயில். கூடத்தில் மட்டும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். விளம்பரத் தாளை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெயிலில் கம்பி நிழல்கள் வரிசை குலையாமல் விழும். கிட்டத்தில் விளக்கு இருந்தால் விசிறிபோல விரியும். படத்தில் விரிந்திருந்தன. சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் விளக்கைத் தொங்கவிட்டு எடுத்திருக்கிறார்கள். தரகருக்குப் போன் செய்தார். "போட்டோன்னா முன்னப்பின்ன இருக்கும் சார். உங்களுக்குத் தெரியாததா?" என்று பதில் வந்தது. ஏமாந்ததைவிட அந்த வார்த்தைதான் அவரை அதிகம் குத்தியது.

டீச்சர் சண்டை போடவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போய்விட்டார்; அங்கே வெளிச்சம் வரும். ஏறி இறங்குகிறவர்கள் விடைத்தாள் கட்டைத் தாண்டிப் போகிறார்கள்.

இதை விற்றால்தான் வேறு வீடு. இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் அவரே ஜன்னலைத் திறந்து சுவரைத் தொட்டுக் காட்டினார். வந்த வழியே போய்விட்டார்கள்.

"உங்க நேர்மைக்கு என் கண்ணுதான் கெடச்சுதா?" என்று டீச்சர் கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆள் வருவதாக இருந்தது. போட்டோக்காரர் ஸ்டுடியோவிலிருந்து ஒரு விளக்கைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தினார். ஸ்விட்சைப் போட்டதும் கூடத்துக்குக் காலை வந்துவிட்டது. டீச்சர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

படியில் காலடிச் சத்தம். "மூச்சு வாங்குதா? கொஞ்சம் நின்னு வா" என்றது ஓர் ஆண் குரல். "வீடு மட்டும் வெளிச்சமா இருந்துட்டா போதும். நீ ஜன்னலோரமா உக்காந்து தைக்கலாம். அப்புறம் கண்ணு வலின்னு சொல்லக் கூடாது, ஆமா."

பதிலுக்கு ஒரு பெண் சிரித்தாள். அழைப்பு மணி அடித்தது.

போட்டோக்காரர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. டீச்சர் எழுந்து போய் விளக்கை அணைத்தார். பிறகு அந்த மங்கலில் சுவரைத் தடவிக்கொண்டே வந்து, ஜன்னலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தார்.