பொருந்தாத நாலு பேர்

மன்னிக்கிற குணம் எனக்குக் கொஞ்சம் குறைவு. குருநகர்க் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் மற்றப் பாவமெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன், உயிரியல் சேரின் கதையை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் சுவாமியார் மன்னிக்கச் சொல்வார். நான் ஏன் மன்னிக்க வேண்டும்?

உயர்தரத்தில் எங்களுக்கு உயிரியல் படிப்பித்தவர் அவர். கரவெட்டிப் பக்கத்துப் பெரிய குடும்பம். முதலாவது செய்முறை வகுப்பன்று ஆசையோடு நுணுக்குக்காட்டியில் கை வைத்தேன்.

"தொடாதை. உன்ரை கையிலை மீன் வெடுக்கு அடிக்குது. வெளியிலை நிண்டு பார்."

அம்மா சந்தையில் மீன் விற்கிறவ. விடியவே அவவுக்கு உதவி செய்துவிட்டு, சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிய கை அது. அந்த வருடம் முழுக்கச் செய்முறை வகுப்பை யன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். வகுப்பில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. அன்றைக்குக் கறுவத் தொடங்கியது, இன்னும் கறுவுகிறேன்.

இப்போது எனக்கு ஆஸ்பத்திரி இரத்த வங்கியில் வேலை. போன மாரியில் ஒருநாள் காலை, மேல்மாடி வாட்டிலிருந்து ஒரு இரத்த மாதிரி வந்தது. எழுபது வயது அம்மா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உடம்பில் இரத்தம் குறைவு, இரண்டு பை ஏற்றினால்தான் சத்திரசிகிச்சை. படிவத்தில் கணவனின் பெயரைப் பார்த்தேன். என்னையறியாமலே கையுறையைக் கழற்றி விரல்களை மணந்து பார்த்தேன்.

மாதிரியைச் சோதித்தால் சிக்கல். ஓ பொசிட்டிவ் இரத்தம்தான். ஆனால் பொசிட்டிவ், நெகட்டிவ் என்று ஊர் உலகம் சொல்வது டீ என்ற ஒரு அடையாளத்தை மட்டும்தான். செங்குருதிக் கலத்தின் மேல் அதைப்போல இன்னும் எத்தனையோ அடையாளங்கள் உண்டு. அதிலொன்றைச் சின்ன சி என்போம். அந்த அம்மாவின் இரத்தத்தில் அது இல்லை. இல்லாதது மட்டுமல்ல, அதை எதிர்க்கும் பிறபொருளெதிரியும் நிறைய இருந்தது. சின்ன சி உள்ள இரத்தத்தை ஏற்றினால் உடம்பு அதை உடைத்துத் தள்ளும், ஆளே போய்விடலாம்.

என்னோடு வேலை செய்கிற பிள்ளையிடம் கையிருப்புப் பைகளைச் சோதிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கதவடியில் சேர் நின்றார். தலை நரைத்திருந்தது, குரல் அதே குரல். பின்னால் நாலு பேர்: அவருடைய தம்பியின் மகன்மார் இரண்டு பேர், தமக்கையின் மகன்மார் இரண்டு பேர். எல்லாரும் ஓ பொசிட்டிவாம். கண்டவர்களின் இரத்தம் வேண்டாமாம், தங்களுடைய ஆட்களின் இரத்தத்தையே ஏற்ற வேண்டுமாம். ஓவும் ஓவும் பொருந்தும் என்று எனக்கே பாடம் நடத்தினார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பொருந்தாது என்று எனக்கு ஓரளவு தெரியும். பிள்ளை பெற்று இப்படிப் பிறபொருளெதிரி வந்தவர்களுக்குக் கணவன் வீட்டார் இரத்தம் பெரும்பாலும் ஆகாது. அதை ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. நாலு பேரிடமும் மாதிரி எடுத்து, நாலையும் அந்த அம்மாவின் இரத்தத்தோடு வைத்துச் சோதித்தேன். பொருந்தினால் கலங்கள் குழாயின் அடியில் போய்க் குந்தும், பொருந்தாவிட்டால் திரண்டு மேலேயே நிற்கும். நாலும் மேலேதான் நின்றன.

அந்தக் குழாய்கள் பதித்த சோதனை அட்டையைக் கொண்டுபோய் நாலு பேருக்கும் முன்னால் காட்டினேன். அவர் நம்பாமல் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ சேர்," என்றேன். "அங்கை நிண்டு பாருங்கோ."

அவர் முகம் கறுத்துப் போனது. எனக்கோ வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இதற்கிடையில் கையிருப்பில் இரண்டு பைகள் பொருந்திவிட்டன. வாட்டுக்கு உடனே அறிவித்தேன், நோயாளியின் விஷயத்தில் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. அவருக்கு மட்டும் சொல்லவில்லை. வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்து வேர்க்கட்டும் என்று விட்டேன்.

கடைசியில் சொன்னபோது, யாருடைய இரத்தம், எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டார். இரண்டு பைகளும் அதற்கு முந்தின வாரம் எங்கள் கோயில் மண்டபத்து முகாமில் எடுத்தவை. சொல்ல வாய் துருதுருத்தது. ஆனால் கொடுத்தவர் யாரென்று சொல்லக் கூடாது, அது எங்கள் சட்டம். சொல்ல ஏலாது என்றேன்.

"அப்பிடியெண்டா வேண்டாம். நான் வேறை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்றார்.

எனக்கு விசர் பிடித்தது. மேலே ஒரு உயிர் காத்துக் கிடக்கிறது, இவர் எந்த ஊர் ஆட்களென்று பார்க்கிறார். எங்கள் டொக்டரிடம் சொன்னேன். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, முடிவு எடுக்க வேண்டியது அவர்தான் என்று டொக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு வாட்டுக்குப் போனார். சேரும் பின்னாலேயே வந்தார்.

அந்த அம்மா வெளிறிப்போய்க் கிடந்தார். தன் வீட்டுக்காரரின் ஆட்களுடைய இரத்தம் ஏன் பொருந்தவில்லை என்று என்னைக் கேட்டார். நான் விளங்கப்படுத்தினேன்: வயிற்றில் பிள்ளை இருந்தபோது, தகப்பன் வழியில் அதற்கு வந்த சின்ன சி உங்கள் இரத்தத்தில் கலந்திருக்கும். உங்கள் உடம்பு அதை எதிரி என்று பிடித்துக்கொண்டு ஆயுதம் செய்து வைத்திருக்கிறது. சிலருக்கு அது காலத்தோடு மங்கிப் போகும், உங்களுக்கு மங்கவில்லை.

"கடைக்குட்டி பிறந்து நாப்பத்திரண்டு வருசம்," என்றார். "இவ்வளவு காலமும் உள்ளுக்கை இருந்ததோ?"

"ஓம், அம்மா."

அவர் கணவனை நெடுநேரம் பார்த்தார். சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருடையது என்றே தெரியாத இரத்தம் என்று தொடங்கினார். அந்த அம்மா அவரோடு கதைக்கவில்லை. என்னோடுதான் கதைத்தார்.

"என்ரை ரத்தத்துக்கு அப்பவே ஆளை விளங்கியிருக்கு, பிள்ளை. எனக்குத்தான் பிந்தினது. ஆற்றை ரத்தமெண்டாலும் ஏத்துங்கோ. உவரை வெளியிலை நிக்கச் சொல்லுங்கோ."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்தேன். தலையைக் குனிந்துகொண்டு அவர் வெளியே போனார். தாதி வந்து முதலாவது பையைக் கொழுவினார். குழாயில் இரத்தம் இறங்கத் தொடங்கியபோது நிமிர்ந்து பார்த்தேன். விறாந்தைப் பக்கத்து யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எக்கி எக்கி உள்ளே பார்த்தபடி நின்றார் சேர்.

நான் போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினேன்.