வெளியேறு என்றது பெட்டி

பேருந்துப் பலகையில் இருப்பதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் பல்லைக் காட்டக்கூடாது என்றுதான் ஐம்பது வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். மகளை நெடுங்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தேன். "இது நெடுங்காடு போவுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

எண்பதுகளின் கடைசியில் தலத்தெருவில் நடந்த எங்கள் வகுப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே சென்னையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் வந்தாள். எழுத்துச் சொல்லித்தரும் பாடம் ஒன்றை அந்தப் பெட்டிக்குள் போட்டிருந்தாள். எங்கள் கை எந்தப் பொத்தானுக்குப் போகிறது, எங்கே திணறுகிறது என்று பார்த்து எழுதிக்கொள்வதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பாடத்தை முடிக்கிறவர்களுக்கு மட்டும் ஊர்ப்பெயரெல்லாம் வாசிக்கக் கற்றுத்தரும் மேல்வகுப்பு என்றார்கள்.

என் முறை வந்தது. கேட்ட எழுத்துக்கெல்லாம் சரியான பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு பூ வந்தது. அதன் கீழே ஒரு சொல். எழுத்துக்கூட்டி வாசித்தேன். வெளியேறு.

முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். "ஏம்மா பாதியில எழுந்துட்டீங்க? கஷ்டமா இருந்துச்சா?"

"கஷ்டம் என்ன கஷ்டம்? வெளியேறுன்னுச்சு, வந்துட்டேன். எங்க வூட்டுக்காரரே என்னைய அப்படிச் சொன்னதில்ல."

"ஐயோ, அது உங்களைச் சொல்லலம்மா. பாடம் முடிஞ்சா நீங்க அழுத்துறதுக்காக வச்சது."

"அப்ப நான் அதைப் பாத்து வெளியேறுங்கணுமா? அது பாட்டுக்கு உக்காந்திருக்கு, பாவம்."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த நோட்டில் என் பெயருக்கு நேராக எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தேன். 'முடிக்கவில்லை' என்றிருந்தது. அதையும் நானேதான் வாசித்தேன்.

எனக்கு முன்னால் உட்கார்ந்தவளுக்கு 'முடித்தார்' என்று போட்டிருந்தது. சண்டைக்கு நின்றேன்.

"அவ அந்தச் சொல்ல வாசிக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தா. நீங்களே வந்து அழுத்துனீங்க. அவ பாஸு, வாசிச்ச நான் பெயிலா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு எனக்கு எழுதியதை அடித்தாள்.

மறுவாரம் அந்த இடத்தில் 'போய் வருகிறேன்' என்று மாற்றியிருந்தாள். அழுத்தினேன். மேல்வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

மரியாதையான சொற்கள் இருந்தால் பெண்களுக்கு வசதியாக இருக்கிறது என்று அறிக்கையில் எழுதப்போவதாக ஊருக்குக் கிளம்பும்போது சொன்னாள். மரியாதைக்கு அவர்கள் படிப்பில் வசதி என்று பெயராம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.