இருளாயியைக் கூப்பிடப் போன பிளசர்

நல்லகாமனுக்கும் தங்கை இருளாயிக்கும் பேச்சு நின்றுபோனது ஒரு மழை நாளில்தான். தகப்பன் கருமாதிக்கு வந்தவளைப் பஸ்ஸிலிருந்து அழைத்து வர வண்டி அனுப்ப மறந்துவிட்டார் மனுஷர். கைப்பிள்ளையோடு சேற்றில் நடந்து வந்தவள், காரியம் முடிந்ததும் வாசலில் நின்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். "இனிமே நீ சொந்தப் பிளசர் கார்ல வந்து கூப்பிட்டாத்தான் இந்த வாசல மிதிப்பேன்."

ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் வருஷங்கள் போயும் அவள் இறங்கி வரவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் மகனுக்குக் கல்யாணம் குறித்தார் நல்லகாமன். அத்தைக்காரி இல்லாத பந்தலை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாடகைக் காரில் போனால் 'யார் வீட்டு வண்டி?' என்றுதான் முதலில் கேட்பாள். காளவாசல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மில் முதலாளியின் பழைய பிளிமத் கார் நின்றது. படகு மாதிரி நீளம், உட்கார்ந்தால் இடுப்பு வரை அமுங்கும் சீட்டு. பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து அதைத் தொட ஆளில்லை. வாழை வெட்டிய பணத்தோடு போய் வாங்கிவிட்டார். அதுவரை டிராக்டர் மட்டுமே ஓட்டிய கை.

அவர் ஊருக்கு அதுதான் முதல் கார். பங்காளி, மாமன், மச்சான் என்று ஆளுக்கொரு மாலை கொண்டுவந்து முகப்பில் கட்டினார்கள். ஒருவர் மாலையை வாங்கிக்கொண்டு இன்னொருவர் மாலையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? காரின் மூக்கும் முழியும் பூவுக்குள் போய்விட்டன.

தங்கை ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், குபுகுபுவென்று ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. கூட வந்த மச்சினன் வெள்ளைத்துரை இறங்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"கிழட்டு யானைய ஒன் தலையில கட்டிட்டாய்ங்க மச்சான். ரெண்டு மாடு பூட்டித்தான் இழுக்கணும்."

நல்லகாமன் குனிந்து பார்த்தார். "வண்டி மேல குத்தமில்ல மாப்ள. இஞ்சினுக்குக் காத்துப் போற வழிய மாலை அடைச்சிருக்கு."

"அப்ப அவுத்துப் போடு."

"யார் மாலைய மொதல்ல அவுக்க? ஒங்கப்பாரு மாலையவா?"

வெள்ளைத்துரை மாலைப் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். மாலையை அவிழ்த்து ரோட்டில் போட்டதாகச் சேதி பரவினால் பாதிச் சொந்தம் பந்தலுக்கு வராது. ஒருத்தியைக் கூட்டப் போய் ஒன்பது பேரை இழப்பதா?

அப்போது ஊர்ப்பக்கமிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் ஓடி வந்தாள். நடையிலேயே தெரிந்துவிட்டது, இருளாயி.

"பொகையப் பாத்து வைக்கப்படப்பு பத்திக்கிச்சுன்னுல்ல ஓடியாறேன்! யார் வீட்டு வண்டி?"

"நம்ம வீட்டு வண்டி தாயி. ஒன்னக் கூப்பிடத்தான் வந்தேன். ஒன் வாசல் வரைக்கும் வர மாட்டேன்னுருச்சு."

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் தடவினாள். சீட்டை அமுக்கிப் பார்த்தாள். மாலைச் சங்கதியைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வாங்குனவன் கழுத்து சும்மாத்தான கெடக்கு?" என்று ஒன்றை அவிழ்த்து அண்ணன் கழுத்தில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். எல்லாம் ஏறி முடிந்தபோது நல்லகாமனுக்குக் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

சூடு தணிந்ததும் குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. இருளாயி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"ரோடு தெரியுதாண்ணே?"

"நீ சொல்லு, ஓட்டுறேன்."

"மொதல்ல என் வீட்டுக்கு விடு. சேலை மாத்தணும். நான் வெளிய வர்ற வரைக்கும் ஹாரன நிறுத்தாத. தெருவே கேக்கட்டும்."